எர்ணாவூர் பாலத்தில் பிடிக்காத பிரேக்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் தயங்கினேன். எழுதினால் என் அக்கா மனசு நோகும். சாமி காரியத்தைக் குறை சொன்ன மாதிரியும் ஆகிவிடும். எழுதாவிட்டால் தப்பே செய்யாத ஒருவர் பேர் கெடும். இப்போது எழுதச் சொல்ல வேண்டியவரே சொல்லிவிட்டதால், வடிவுடையம்மனைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

எனக்கு ராயபுரம். ராயபுரத்திலிருந்து எண்ணூர், மணலி வரை சின்னக் கடைகளுக்குக் கற்பூரம், ஊதுபத்தி, குங்குமம் போடுகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் முதுகெலும்பு நசுங்கி, சாதா சைக்கிள் சீட்டில் உட்கார முடியாமல் போனது. கப்பலில் வேலை பார்த்த எதிர்வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகும்போது தன் சாய்வு சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். சாய்வு நாற்காலி மாதிரி சீட்டு. பெடல் முன்னால், ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில். படுத்தபடியே காலை நீட்டி மிதிக்க வேண்டும். முதுகு வலிக்கவில்லை. அதன் பின்னால் பெட்டி கட்டித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

அதன் ரப்பர் பிரேக்தான் ஆபத்தாக இருந்தது. எண்ணூர் சாலையின் கரித்தூளும் உப்புக்காற்றும் சக்கர விளிம்பை அரித்துவிட்டன. மழை பெய்தால் பிடிக்கவே பிடிக்காது. அதனால் டிஸ்க் பிரேக் மாட்டத் திருவொற்றியூர் காதர் பாய் சைக்கிள் கடைக்குக் கிளம்பினேன்.

காலை ஆறரை மணி. ராயபுரம் பாலம் இறங்கி, காசிமேடு தாண்டி, கடலோரமாக வடக்கே மிதித்தேன். கடை வரை ஏழு கிலோமீட்டர். இடதுபக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நான் போகும் உயரத்துக்கு லாரியின் டயர்தான் தெரியும், டிரைவர் தெரியமாட்டார். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் பக்கத்திலேயே வந்து, "இன்னா நைனா, வூட்ல படுக்க எடமில்லியா?" என்றார். மீன் கூடையோடு நின்ற அம்மா, "தலகாணிய மறந்துட்டு வந்துட்டியே" என்றார். எனக்கு இது தினமும் உள்ளதுதான்.

காதர் பாய் முந்தின வாரமே இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் ஏறுகிற மாதிரி நடு உருளையை மாற்றி ஸ்போக் பின்னி வைத்திருந்தார். வெளிநாட்டு வண்டி என்பதால் டிஸ்க் பிரேக்கைத் திருகி மாட்டுகிற இரும்புக் காது முன்னாலும் பின்னாலும் இருந்தது. எண்ணெயில் வேலை செய்கிற பிரேக்கா, ஒயர் பிரேக்கா என்பதுதான் கேள்வி. எனக்கு எண்ணெய் பிரேக் மேல் ஆசை.

"வாணாம் மாமு. உன் வண்டி நீளத்துக்குக் குழாய் பத்தாது. நடு ரோட்ல எண்ண ஒழுகினா யாராண்ட போவ? ஒயர்னா எந்தக் கடையிலயும் மாத்திக்கலாம்."

ஒயருக்கே சம்மதித்தேன். கூலியோடு ஆறாயிரத்து இருநூறு. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, ஓட்டை ஓட்டையாகப் பளபளக்கும் இரும்பு வட்டு ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறியது. வட்டைக் கவ்வுகிற பிரேக் கட்டைகளின் போல்ட்டைத் தளர்த்தி, பிரேக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் எங்கும் உரசவில்லை. கடை வாசலில் பலமுறை ஓட்டி நிறுத்த வைத்தார். நின்ற இடத்திலேயே நின்றது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வட்டுல மட்டும் கை படக்கூடாது. புதுசுல கொஞ்சம் சத்தம் போடும், பேஜாராவாத" என்று சொல்லி அனுப்பினார்.

பதினொன்றரை மணிக்கு எர்ணாவூரில் அக்கா வீடு. அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளம். அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஊர்க் கண்ணு பூரா உன் மேலதான் கீது. புதுசா வேற பளபளன்னு மாட்டிகினு வந்துக்கிற" என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கைப்பிடியில் கட்டினாள். எனக்கும் திருப்தியாக இருந்தது. நான் உள்ளே சாப்பிட்டேன். அவள் வெளியே வண்டியோடு இருந்தாள்.

மணலிக் கடைகளுக்குச் சரக்குப் போட எர்ணாவூர் மேம்பாலம் ஏற வேண்டும். பாலத்துக்கு முன்னால் ஒருமுறை லேசாகப் பிரேக் பிடித்தபோது ஊளையிடுகிற மாதிரி சத்தம் வந்தது. பாய் சொன்ன சத்தம் இதுதான் என்று நினைத்து மிதித்தேன்.

உச்சி தாண்டி மணலிப் பக்கம் வண்டி இறங்கியது. கீழே டிரெய்லர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஊளைச் சத்தம்தான் வந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். விரல்தான் வலித்தது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. லாரியின் பின்பக்க இரும்புக்கட்டை என் கழுத்து உயரத்துக்கு வந்தது. முதலில் என் கால்கள் அடியில் போகும், பிறகு நான் போவேன் என்று தெளிவாகத் தெரிந்தது. "அம்மா" என்று வாய் சொன்னது. கை வண்டியைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் பக்கம் ஒடித்தது. பெட்டி சுவரில் உராய்ந்து கிழிந்து, கற்பூரமெல்லாம் ரோட்டில் கொட்டியது. நின்றபோது என் இரண்டு பாதமும் லாரி டயரை உதைத்தபடி இருந்தன.

டிரைவர் இறங்கி வந்தார். "அடியில பூந்து தூங்கலாம்னு வந்தியா நைனா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஊரெல்லாம் கற்பூர வாசனை. எனக்கே ஆரத்தி எடுத்த மாதிரி.

சக்கரத்தைக் குனிந்து பார்த்த அவர், "நைனா, பிரேக்குக்கு யாரு கண் மை வெச்சது?" என்றார்.

வட்டின் உள்பக்கம், ஸ்போக்கை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு. சுற்றிச் சுற்றித் தேய்ந்து வளையமாகியிருந்தது. முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும். விளக்கெண்ணெய் விளக்குப் புகையை நெய்யில் குழைத்து அக்கா கையால் செய்கிற மை. திருஷ்டிப் பொட்டை அவள் எப்போதும் பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வைப்பாள். என் மேல் உயிரையே வைத்திருக்கிறவள் அவள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மறுபடி திருவொற்றியூர் போனேன். பாய் பிரேக் கட்டைகளைக் கழற்றி முகர்ந்தார். "எண்ணயக் குடிச்சிடுச்சி. இனிமே தேறாது." தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டி, வட்டை ஸ்பிரிட்டால் கழுவினார். நடந்ததைச் சொன்னேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா காதுக்குப் போவ வாணாம் மாமு. தாங்கமாட்டாங்கோ. யாராச்சும் கேட்டா நான் சரியா மாட்டலன்னு சொல்லிடு. ரெண்டு நாள் பேசுவாங்கோ, வுடு."

கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன். பேச்சு இரண்டு நாளோடு நிற்கவில்லை. அந்தக் கடையில் பிரேக் போட்டால் பாலத்தில் பிடிக்காது என்று ராயபுரம் வரை பரவியது. சைக்கிள் கேட்ட தன் பேரனிடம், "அந்த பாய் கடைக்கு மட்டும் போவாத" என்று போன மாதம் அக்காவே சொன்னாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. புடவை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"மை வெச்சது நானு பாய். இவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும்."

பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்கக்கா. டீ சாப்புடுங்க."

திரும்பும்போது, "எழுதிடுடா. நான்தான் வெச்சேன்னே எழுது" என்றாள்.

இப்போதும் எர்ணாவூரிலிருந்து கிளம்பும்போது மை வைக்கிறாள், என் உள்ளங்காலில். சாதா சைக்கிள்காரனுக்கு அது மறைவான இடம். வெறுங்காலை முன்னால் நீட்டி மிதிக்கிற எனக்கோ, எதிரே வருகிற லாரிக்கெல்லாம் முதலில் தெரிவது அதுதான்.

படித்தவர்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். அம்மனே லாரியைப் பிடித்து நிறுத்தினாள் என்று இப்போதே எங்கள் பக்கம் சேர்த்துச் சொல்கிறார்கள். லாரி முன்பே நின்றுதான் இருந்தது. என் கையைச் சுவர் பக்கம் திருப்பியது அம்மன், அது என் நம்பிக்கை. பிரேக்கைச் சரியாக மாட்டியவர் காதர் பாய். மை வைத்தது அக்கா, பாசத்தில். இந்த மூன்றில் எதையும் கூட்டாமல், குறைக்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.