கங்காணி திட்டிய வெள்ளை மரை

"அக்கா, வெள்ள மரை ஒன்னு எறங்கி வருதுக்கா. ரெண்டு பேரு பாத்துட்டாங்க." போன பெப்ரவரியில் மலையகத்துக் கந்தப்பளையிலிருந்து என் சின்னம்மா மகள் ராணி தொலைபேசியில் இப்படிச் சொன்னாள். கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுச் சமையலறையில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எப்பப் போறோம்?" என்று கேட்டார். போகலாமா என்றல்ல, எப்போது என்று. பயணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் கடமான் என்பதை நாங்கள் மரை என்போம். சாதாரணமாக அது காய்ந்த தேயிலைச் சக்கையின் நிறத்தில் இருக்கும். வெள்ளை மரையை அம்மா ஒருமுறை பார்த்திருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

அப்போது அம்மா கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கொழுந்துக்காரப் பெண்கள் பனிக்கும் செடியின் கீறலுக்கும் பாதுகாப்பாக இடுப்பில் வெள்ளை உரச்சாக்கைச் சுற்றிக்கொள்வார்கள். படங்கு என்று அதற்குப் பெயர். ஒரு சாயங்காலம், எல்லாரும் கொழுந்து நிறுக்க இறங்கியபின், மேல் மலையில் மூடுபனிக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது. வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு அது வழக்கமாகப் பின்தங்கும் என் அம்மாவாகத் தெரிந்திருக்கிறது. "ஏ லெட்சுமி! இன்னும் மலையில என்ன பண்ற? எறங்கு, இல்லாட்டி அரப்பேரு போட்டுருவேன்!" என்று கத்தினார். அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான்.

"நான் இங்க இருக்கேனுங்க" என்று அம்மா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாராம். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கும்போது மேலே நின்ற 'லெட்சுமி' காதைத் தூக்கிவிட்டு, நான்கு காலில் காட்டுக்குள் போயிருக்கிறது.

கங்காணி தான் எதையும் பார்க்கவில்லை என்று கடைசிவரை சாதித்துவிட்டார். மரையைப் போய் மலையை விட்டு இறங்கு என்று அதட்டினேன் என்று எந்தக் கங்காணி ஒத்துக்கொள்வார்? தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. "லெட்சுமி, ஒன் மரைக்கு இன்னிக்குப் பேரு விழுந்துச்சா?" என்று பல வருஷம் கேட்டார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "அது லீவு" என்பார். கேலி செய்தவர்களில் பலர் இன்று இல்லை.

நான் உடனே கிளம்பியதற்கு வேறு காரணமும் உண்டு. அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருப்பதும் மெல்லக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளிறிய சுவரில் வெள்ளைத் துண்டு தொங்கினால் அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த பெப்ரவரி வரை தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்கு ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் ஓர் ஆளுக்கு எழுநூறு ரூபாய்க்குள். கினிகத்தேனையில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கிருந்து குளிரும் வளைவுகளும் ஆரம்பம், வாந்தி வருகிறவர்கள் வலதுபக்கம் பார்க்காதீர்கள். ஒன்றரை மணிபோல நுவரெலியா. அங்கே ராகலை பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு கிலோமீட்டரில் கந்தப்பளை. பிறகு ஆட்டோ.

"எந்த டிவிஷனுங்க?" என்று ஆட்டோக்காரர் தோட்டத்தின் பிரிவைக் கேட்டார். நான் சொல்லுமுன் அம்மா சொன்னார். வளைவுக்கு வளைவு, "இங்க பாலம் வரும், இங்க கோயில் வரும்" என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டும் வந்தார். ஒரு இடத்தில் மட்டும், "இங்க சவுக்கு நிக்கும்" என்றார். நிற்கவில்லை. நான் "ஆமாம்மா" என்றேன்.

முதல் நாள் சாயங்காலம் ராணியின் லயத்துக்குப் பின்னால், மேல் மலைக்கு எதிரே உள்ள பாதையில் உட்கார்ந்தோம். பனி இறங்கியது. வெள்ளையாக ஒன்று அசைந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். கிட்டே வந்ததும் அது, "யாரு, லெட்சுமிக்காவா?" என்று கேட்டது. தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் படங்கு. அம்மா சிரித்த சிரிப்பில் அந்தக் கங்காணியின் ஆத்மா சாந்தியடைந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அதே இடம், பிளாஸ்கில் பால் சேர்க்காத பிளேன்டீ. மேல் மலையில், காடு தொடங்கும் ஓரத்தில், செடிக்கு நடுவே வெள்ளையாக ஒன்று நின்றது. ஒருமுறை பட்டது போதாதா? "யாரோ வெறகுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

ராணி என் தோளை அழுத்தினாள். "காதப் பாருக்கா."

பார்த்தேன். அகன்ற இரண்டு காதுகள். கொம்பில்லாத பெட்டை. அதன் வெள்ளை தூய வெள்ளையல்ல, பழைய வேட்டியின் வெள்ளை. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கினால் கண் கறுப்பு. தோலிலும் முடியிலும் நிறம் சேராத பிறவி இது. கண்ணும் சிவந்திருந்தால் அது வேறு வகை. இந்தக் குணம் பழுப்பு மரைகளின் ரத்தத்தில் தலைமுறைகளாக ஒளிந்திருந்து ஒருநாள் வெளியே வருமாம். அதைச் சொன்னதும் அம்மா, "அப்ப இது அதோட பேத்தியா இருக்கும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "நிக்குதா?"

"நிக்குதும்மா. அந்தப் பாறைக்கு இடது பக்கம்."

அம்மா முகத்தை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனியும் வெள்ளை, மரையும் வெள்ளை. அது சிலையாக நின்றது. "எனக்கு ஒன்னும் தெரியலயே புள்ள" என்றார். இவ்வளவு தூரம் கூட்டிவந்து, எதிரே நிற்பதைக் காட்ட முடியாமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஒரு கையை வாயோரம் வைத்து, கங்காணியின் குரலிலேயே கத்தினார்: "ஏ லெட்சுமி! இன்னும் மலையில என்ன பண்ற? எறங்கு, இல்லாட்டி அரப்பேரு போட்டுருவேன்!"

மரை தலையைத் தூக்கியது. பிறகு ஒரே பாய்ச்சல். கறுத்த காட்டோரமாக, மரத்துக்கு மரம் அந்த வெள்ளை ஓடியது.

"போகுது!" அம்மா என் கையை நசுக்கிவிட்டார். "போகுது பாரு, போகுது."

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரலில் நுவரெலியா நெரிசல், அறை வாடகையும் மும்மடங்கு. பெப்ரவரி நல்லது, ஸ்வெட்டர் கட்டாயம். பழுப்பு மரை பார்க்க ஹோர்ட்டன் சமவெளி போதும், அங்கே அவை வாகனத்தருகே வந்து நிற்கும். எங்கள் தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், பன்றிக்குக் கம்பிக் கண்ணி கட்டுகிறவர்களும் இதை வாசிப்பார்கள். காட்டு விலங்கைக் கண்டால் சத்தம் போடக் கூடாது என்று எல்லாரும் எழுதுவார்கள், நானும் எழுதுகிறேன். அம்மா போட்ட சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் அவருக்குத் தெரியாது, போனால்தான் தெரியும்.