டைப்பிஸ்ட் அக்காவின் ஃபோர்ட்ரான்

அந்தப் புத்தகத்துக்குச் சிவப்புத் துணி அட்டை. செங்கல் கனம். கோயமுத்தூரில் பேருந்து ஏறியதிலிருந்து மடியில் வைத்திருந்தேன். பர்லியாறு தாண்டிக் குன்னூர் வந்து சேர்வதற்குள் தொடை மரத்துவிட்டது. மறுநாள் காலை அலுவலகத்தில் அதை டைப்பிஸ்ட் அக்காவின் மேசைமேல் வைத்தேன். அவர் உடனே பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். "அம்மாடி! இதப் படிச்சு முடிச்சா தொரைக்கே நான் சம்பளம் போடலாம் போல" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் பைக்குள் இன்னொரு புத்தகம் இருந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் இன்னும் வந்துகொண்டிருந்த காலம். அக்கா அவர்களுக்கெல்லாம் முன்பே வந்துவிட்டவர். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தட்டச்சுப் படித்து, இங்கே வந்து சில காலம் கொழுந்தும் பறித்து, பிறகு எங்கள் தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். கம்பெனி கொடுத்த சின்னக் குவார்ட்டர்ஸில் அவரும் அவர் அம்மாவும் இருந்தார்கள். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மலைக்குக் கீழேயிருந்து வந்த கிளார்க்.

ஒருநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, அது வந்தபின் டைப்பிஸ்ட் வேலை இருக்காது, புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஒருவரை அதில் உட்காரவைப்போம், சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்து தேர்வு வைப்பார் என்றார். படிக்க அனுப்ப மாட்டார்கள். நாங்களே படித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வேலை ஒரு உயர்வு, கிடைக்காவிட்டால் கிளார்க்காகவே இருந்துவிடலாம். அக்காவுக்கு அப்படியில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். "இன்னொரு தடவ மூட்ட கட்ட என்னால ஏலாது தம்பி. அம்மாவாலயும் ஏலாது. கோயமுத்தூர் போறப்ப நல்ல புத்தகமாப் பாத்து வாங்கியாங்க" என்று பணத்தைக் கையில் கொடுத்தார்.

கோயமுத்தூர் புத்தகக் கடைக்காரர் முதலில் கேட்டதே சரியான கேள்வி. "மெசின் என்ன பாஷை பேசுமுங்க?" மேனேஜர் அந்தக் கம்ப்யூட்டர் பாஷையின் பேரை எழுதிக்கொடுத்த சீட்டு என்னிடம் இருந்தது, அக்கா அதைப் பார்த்ததில்லை: 'பேசிக்'. அவர் மெலிந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். மங்கிய தாள், ஒட்டிய முதுகு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சின்னப் பயிற்சி இருந்தது. அதைச் செய்தால் திரையில் என்ன தெரியும் என்று கீழேயே போட்டிருந்தது. மெசின் பிழை என்று சொன்னால் எங்கே தவறியிருப்போம், எப்படித் திருத்துவது என்று கடைசியில் ஒரு பகுதி. பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் படிப்பவரை நினைத்தே யாரோ எழுதியிருந்தார்கள். கடையில் அது ஒரு பிரதிதான் இருந்தது.

அடுத்த அலமாரியில் இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்களுக்கான ஃபோர்ட்ரான் புத்தகம் இருந்தது. அதுவும் கம்ப்யூட்டர் பாஷைதான். வகுப்பில் ஒருவர் நின்று விளக்கினால்தான் விளங்கும் புத்தகம். மெலிந்ததை எனக்கு எடுத்துக்கொண்டு, கனமானதை அக்காவுக்கு வாங்கினேன். கொடுத்த பணத்துக்குப் பெரிய புத்தகம் வாங்கித்தந்ததாக அவர் சந்தோஷப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷப்பட்டார் என்பதும் உண்மை.

அவர் படித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே வேறொன்றும் வரும். ஃபோர்ட்ரானில் வரி ஏழாவது கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். அக்கா தன் டைப்ரைட்டர் ஏழாவது கட்டத்தில் தானே போய் நிற்கும்படி டேப் வைத்துக்கொண்டார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் புரோகிராம் அடிப்பார். பிறகு தாளை உருவி, பென்சிலோடு உட்கார்ந்து, தானே மெசினாகி ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார். எடுத்துக்கொண்ட கணக்கு அவர் அறிந்த கணக்கு: எடை போட்ட கொழுந்தில் கூடைக்குக் கழிவு, மழை நாளென்றால் தண்ணீருக்குக் கழிவு, மிச்சம் ஆள் பேரில்.

"ஏம்மா, மெசினே இல்லாம என்னத்த ஓட்டற?" என்று ஹெட்கிளார்க் கிண்டல் செய்தார்.

"நீங்க ஃபைலே தொடாம வேல ஓட்டலையா சார், அது மாதிரிதான்" என்றார் அக்கா, டைப்ரைட்டரிலிருந்து கையை எடுக்காமலே.

மெசின் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். நான் பேசிக்கில் எழுதியது ஓடியது. அடுத்து அக்கா உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு வேகமான விரல்கள் வேறு யாருக்கும் கிடையாது. பேசிக் கேட்கும் வரி எண் இல்லாமல், ஃபோர்ட்ரான் முறைப்படி முன்னால் இடம் விட்டு, முதல் வரியை அடித்தார். பிழை என்றது மெசின். இரண்டாவது வரிக்கும் அதே பதில். தட்டச்சில்தான் தவறு என்று நினைத்து, முன்பைவிட மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடித்தார். அவர் காது மடல் சிவந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன்.

இன்ஜினியர் நல்ல மனிதர். அக்காவின் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு, "கணக்கு சரியாத்தாம்மா யோசிச்சிருக்கீங்க. ஆனா இது வேற பாஷை. இந்தப் புத்தகத்த யாரு படிக்கச் சொன்னாங்க?" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நாந்தாங்க சார். பெருசா வேணும்னு கேட்டு வாங்கினேன்."

ஒரு மாதம் கழித்து மறுபடி வருவதாகவும், அப்போது முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அன்று சாயங்காலமே அக்கா என் மேசைக்கு வந்தார். "நீங்க எதத் தம்பி படிச்சீங்க?"

"சிநேகிதன்கிட்ட வாங்குனதுங்க்கா. திருப்பிக் குடுத்துட்டேன். கடையில சொல்லி வெச்சிருக்கேனுங்க, வந்ததும் வாங்கியாறேன்."

புத்தகம் என் முழங்காலுக்கு மேலே, டிராயருக்குள் இருந்தது. வாங்கும்போது செய்ததையாவது ஆசை என்று சொல்லலாம். இதற்கு நான் வைக்க ஒரு பேரும் இல்லை. அந்த மாதம் முழுவதும் அவர் கேட்டார், நான் இன்னும் வரவில்லை என்றேன். அடுத்த தேர்வில் அவர், முதல் தேர்வன்று பார்த்ததில் ஞாபகத்தில் இருந்ததை வைத்துத் தடுமாறினார். வேலை எனக்கு வந்தது. மழை விடுவதற்கு முன்பே அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கூடலூரில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த மெசினால்தான் நான் வாழ்ந்தேன். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் புதுப்புது கம்ப்யூட்டர் மொழிகளின் பேரைச் சொல்லி, எதைப் பார்த்துப் படிப்பது என்று என்னிடம் வருகிறார்கள். ஃபோனைத் திறந்தால் ஆயிரம் பாடம், எல்லாம் இலவசம், அதனாலேயே குழப்பம். உன்னிடம் இருக்கும் மெசினில் இன்றைக்கே செய்து பார்க்க முடிகிறதா பார், தப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்கிறதா பார், பெரிய பேரைப் பார்த்து மயங்காதே என்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். நல்ல புத்தகம் எது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் அதை ஒளித்துவைத்தேன்.

போன வருடம் கூடலூர் போனேன். அக்கா அங்கே பல காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி, அதில் வந்த வருமானத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடும் கட்டி, ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "தலையில ஒண்ணையும் மிச்சம் வைக்கலையே தம்பி!" என்று என் வழுக்கையைப் பார்த்துச் சிரித்து, டீ போட்டுக் கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, சீட்டு, டிராயர், ஒன்றையும் விடவில்லை.

"தெரியும்" என்றார். "மொதப் பரீட்ச முடிஞ்ச மறுநாளே கார்பன் தாள் எடுக்க ஒங்க டிராயரத் தொறந்தேன்."

"எடுத்திருக்கலாமேங்க்கா. இல்லீன்னா என்ன நாலு வார்த்த கேட்டிருக்கலாமே."

அக்கா டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "கேட்டுக்கிட்டேதானே தம்பி இருந்தேன், தெனமும். இன்னைக்குக் குடுத்துருவாரு, இன்னைக்குக் குடுத்துருவாருன்னு."