மாப்பிள்ளை வண்டியின் கிளட்ச்

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடப்பதற்கு முதல் நாள் மத்தியானம், மாப்பிள்ளையான அவரே காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும்தான். அவற்றில் காலையில் வைத்த நலங்கு மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

அது அத்தையின் கார். அத்தை என் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மாமா காலமான பிறகு சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரோடு அந்தக் கருநீல கான்டெஸாவும் வந்தது. நீண்ட மூக்கும் அகன்ற முதுகுமான வண்டி. எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே வருகிற மாட்டுவண்டி பின்வாங்கித்தான் ஆக வேண்டும். மாமா உயிரோடு இருந்த காலத்தில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் வைத்து அத்தைக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் போன பிறகு அத்தை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அப்பாதான் ஓட்டினார்.

வீட்டில் நல்ல காரியம் என்றால் அத்தை அடுப்படிக்குள் போய்விடுவார். யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வராமல் ஒதுங்கிக்கொள்வார். நானும் கூச்சக்காரி, ஆள் கூடினால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அத்தையும் என்னைப் போலக் கூச்சப்படுகிறவர் என்றே நினைத்திருந்தேன். வீட்டில் எனக்கு ஒரு துணை இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் உண்டு.

சித்தப்பா கல்யாணத்துக்கும் வரப்போவதில்லை என்று அத்தை சொல்லிவிட்டார். “நான் இங்கன இருந்தே கும்பிட்டுக்கிறேன். நீ நல்லா இருந்தாப் போதும்” என்றார். நீ வராத கல்யாணம் எனக்கு எதற்கு என்று சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அத்தை அசையவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டார். சமாதானமாகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தோம்.

இதற்கு நடுவில் காரின் கிளட்ச் போனது. காரணம் அப்பாதான். மாப்பிள்ளை அழைப்பு வண்டி ஓட்டுவது லேசான காரியம் இல்லை. முன்னால் நாதஸ்வரக்காரர் எங்கே நின்று வாசிக்கிறாரோ அங்கே வண்டியும் நிற்க வேண்டும். அவர் நாலு எட்டு வைத்தால் வண்டியும் நாலு எட்டு வைக்க வேண்டும். போன வாரம் அப்பா தன் கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்காக, ஊர் முழுக்கக் கிளட்சில் பாதிக் காலை வைத்தபடியே வண்டியை உருட்டினார். வீடு திரும்பியபோது வண்டிக்குள் முடி கருகியது போல ஒரு வாடை. மறுநாள் எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி நகரவில்லை.

சித்தப்பா நல்ல மெக்கானிக். வைகைக்கு வடக்கே ஓடுகிற லாரிக்காரர்கள் பாதிப் பேர் அவருடைய பட்டறையைத் தேடித்தான் வருவார்கள். ஆனால் கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிய மாப்பிள்ளை தெருவைத் தாண்டக் கூடாது. அதனால் பட்டறைப் பையன்கள் சாமான்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையிடம் துணைக்கு இரும்பு இருக்க வேண்டும் என்று, வீட்டில் எல்லோருக்கும் தாத்தாவான சின்னத் தாத்தா ஒரு சிறு கத்தியை இடுப்பில் செருகச் சொல்லியிருந்தார். சித்தப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்ததும் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதுவும் இரும்புதான தாத்தா. பேய் வந்தா ரெண்டு நட்டக் கழட்டி விட்ருவேன்” என்றார் சித்தப்பா காருக்கு அடியிலிருந்து.

கியர் பாக்ஸைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உள்ளேயிருந்து வந்த கிளட்ச் பிளேட் கருகி, ஆணித் தலைகள் வெளியே தெரியத் தேய்ந்து போயிருந்தது. சித்தப்பா அதை அப்பாவிடம் நீட்டினார். “அண்ணே, இது கிளட்சு. கால் வச்சு ஒக்காரப் பலகையில்ல.” அப்பா வேறு பக்கம் பார்த்தார். அவர் மதுரைக்குப் போய் வாங்கி வந்திருந்த புதுப் பிளேட்டைப் போட்டு, நாலு பேர் சேர்ந்து கியர் பாக்ஸை அசைத்து அசைத்து மேலே ஏற்றினார்கள். மஞ்சள் பூசிய கை முழங்கை வரை கறுப்பானது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற பிள்ளை நான்தான் என்று முடிவாகியிருந்தது. வண்டி ஓடாவிட்டால் என் பட்டுப்பாவாடைக்கு வேலையே இல்லை.

எல்லாம் முடிந்து அப்பா ஏறி உட்கார்ந்தார். வண்டி தவளை போல ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி குதித்தது, மறுபடி அணைந்தது.

“என்னடா, காலத் தரையில இருந்து லேசா எடுத்ததுமே பாயுது?”

“புதுப் பிளேட்டுண்ணே. போகப் போகப் பழகிரும்.”

“கொஞ்சம் சரி பண்ணிக் குடுடா.”

“இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா குளிக்கப் போய்விட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையார் கோவில் வாசலில் மாப்பிள்ளை அழைப்பு தொடங்கியது. சித்தப்பா மாலையோடு பின் சீட்டில் இருந்தார், பக்கத்தில் நான். அப்பா வண்டியைக் கிளப்பினார். மேளம் நாலு எட்டு நகர்ந்தது. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, தவில்காரரின் முதுகுக்கு ஒரு சாண் இருக்கும்போது அணைந்தது. தவில்காரர் திரும்பிப் பார்த்து, “அண்ணே, நான் பிள்ளகுட்டிக்காரன்” என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்த முறை அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று சின்னத் தாத்தா கைத்தடியால் தரையைத் தட்டினார். பட்டறைப் பையன்கள் யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்று பார்த்தால், அத்தனை பேரும் எங்கேயோ போயிருந்தார்கள். பந்தலுக்குச் சீரியல் பல்பு மாட்டச் சித்தப்பாதான் அனுப்பினாராம்.

அப்போது சித்தப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இந்த வண்டி அக்காவுக்குத்தான் கட்டுப்படும். கூப்பிடுங்க” என்றார்.

சின்னத் தாத்தாதான் மெதுவாக ஆரம்பித்தார். “அதெப்படிப்பா, நல்ல காரியத்துல அது முன்னால வந்து நின்னா…”

“நிக்க எங்க வருது? ஒக்காந்து ஓட்டத்தான வருது. இல்லைன்னா நீங்க தள்ளுறீங்களா தாத்தா?”

தாத்தா காரின் நீளத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “போய்க் கூட்டிட்டு வா ஆத்தா” என்றார்.

நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அத்தை அடுப்படியில் மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“நான் வந்தா நல்லாருக்காது ஆத்தா. வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லு.”

“யாருக்கும் ஓடலை அத்தை. தாத்தாதான் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“யாரு, சின்னத் தாத்தாவா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு கையைக் கழுவினார். வரும் வழியெல்லாம் தலை குனிந்தே வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. எனக்கு அவர் கூச்சம் புரிந்தது. அதனால் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா இறங்கிக்கொண்டார். அத்தை சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளட்சை அமுக்கினார். கால் தரையைத் தொட்டு, ஒரு மயிரிழை மேலே வந்து நின்றது. வண்டி லேசாக அசைந்தது. அத்தை கண்ணாடி வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தார்.

“உன் மச்சான் வச்சிருந்த மாதிரியே வச்சிருக்கியேடா.”

“எனக்கு அம்புட்டுத்தான்க்கா தெரியும்” என்றார் சித்தப்பா, மாலையைச் சரிசெய்தபடி.

வண்டி எண்ணெய் வழிவது போல நகர்ந்தது. நாதஸ்வரக்காரர் நின்ற இடத்தில் நின்றது, நடந்தபோது நடந்தது. இரண்டாவது தெரு திரும்பும்போது அத்தை தலையை நிமிர்த்தியிருந்தார். மூன்றாவது தெருவில் அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தவிலோடு சேர்ந்து தாளம் போட்டன. மண்டபத்து வாசலில் ஆலாத்தி சுற்றிய பெண்கள், மாப்பிள்ளை இன்னும் வண்டிக்குள் இருந்ததால் வண்டியோடு சேர்த்தே சுற்றினார்கள். அத்தை அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று அத்தை வீட்டுக்குத் திரும்பவில்லை. விடிந்தால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும், வண்டியை வேறு யாரும் தொட முடியாதே. மறுநாள் தாலி கட்டும்போது அவர் மண்டபத்திலேயே, கையில் கார் சாவியோடு நின்றிருந்தார்.

கல்யாணம் முடிந்த அடுத்த நாள், பேரையூரில் சித்தியின் அம்மா வீட்டில் விருந்து. கிளம்பும் முன் சித்தப்பா ஒரு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். சித்தி கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். அப்பா ஏறி ஓட்டிப் பார்த்தார். குதிக்கவில்லை, அணையவில்லை.

“என்ன சித்தப்பா செஞ்சீங்க?”

“ஒரு நட்ட ரெண்டு திருகு திருகினேன்.”

“அத முந்தாநாளே செஞ்சிருக்கலாம்ல?”

சித்தப்பா டீயை ஒரு வாய் குடித்தார். “மறந்துட்டேன் ஆத்தா” என்றார்.

எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை மறதியுள்ள மனிதரை நம்பி லாரிக்காரர்கள் எப்படித்தான் வண்டியை விடுகிறார்களோ என்று தோன்றியது. சித்தியை நினைத்தும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.