இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கம்பி

மகள் கோலாலம்பூரில் பதினான்காம் மாடியில் வீடு வாங்கியபோது, கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நானும் என் மனைவியும் முதல்முறை ஜீப்பில் போன அன்றுதான் பார்த்தோம். கீழ்த்தளத்து வாசலில் சங்கிலியில் ஒரு இரும்புக் கம்பி தொங்கியது. அதில் இரண்டு மீட்டர் என்று எழுதியிருந்தது. என் ஜீப்பின் கூரைக் கேரியர் அதற்கு மேலே ஒரு சாண் நின்றது.

நேப்பாளக் காவலாளி ஓடி வந்து கையை ஆட்டினார். "திங்கி, அங்கிள். தாக் போலே." உயரம், முடியாது என்று மலாயில் சொன்னார்.

முப்பது வருடம் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டியவன் நான். வேலையை விட்டதும் பழைய போர்வீல் ஜீப் ஒன்று வாங்கினேன். கியா பார்ம் சரிவுகளிலிருந்து கோசு ஏற்றுவேன், சுற்றுலா வந்தவர்களை மலை உச்சிக்குக் கொண்டுபோவேன். மழையில் எங்கள் மண்பாதைக்கு உயரமான வண்டிதான் தாங்கும். அந்த உயரம் பட்டணத்தில் இடைஞ்சலாகும் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாலையோரம் நிறுத்திவிட்டு மேலே போகலாம் என்று நினைத்தோம். லிப்டுக்குள் கால் வைப்பதற்குள் காவலாளி கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சக்கரத்தில் நகராட்சி ஆட்கள் இரும்புப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சிக் கேட்டு எடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு நான் வண்டியை விட்டு இறங்கியதில்லை. பஸ்ஸில் போகலாம் என்றால், மலை வளைவுகளில் பஸ் ஏறினால் மனைவிக்கு வாந்தி. ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது.

மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. அவள் கீரையும் தேயிலைத் தூளும் எடுத்துக்கொண்டு மேலே போவாள். நான் எதிர்ப்பக்க மரத்தடியில் வண்டிக்குள் இருப்பேன். மகள் சாப்பாடு கொண்டு வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது தாப்பாவில் மலை வளைவுகள் தொடங்கியதும் மனைவி பேச ஆரம்பிப்பாள். மஞ்சள் திரை, நாலு நாற்காலி போட்ட மேசை, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம். மலைமேல் ரிங்லெட் ஊர் வருவதற்குள் வீடு முழுவதையும் சொல்லி முடித்திருப்பாள்.

போன வருடம் அவள் போய்விட்டாள். காலையில் தேத்தண்ணி கலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

சில மாதம் கழித்து மகள் போன் பண்ணினாள். அம்மாவின் தையல் மெஷின் தனக்கு வேண்டும் என்றாள். கால் வைத்து மிதிக்கிற பழைய மெஷின், பஸ்ஸில் போகாது.

"ஜீப்புல கொண்டாரேன். ஆனா இந்த வாட்டி நான் மேல வரணும்" என்றேன்.

"வாங்கப்பா" என்றாள்.

தோட்டத்துத் தேயிலை ஆலையில் என் கூட்டாளி ஒருவன் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கிறான். கேரியரைக் கழற்றி, டேப் வைத்து அளந்தான். இன்னும் மூன்று விரல் அதிகம்.

"டயர் காத்த எறக்கிரு லா" என்றான். "இங்க வேணாம், அங்க போயி எறக்கு. திரும்பறப்ப அடிச்சுக்கலாம்." கால் பம்பையும் எடுத்து வண்டியில் போட்டான்.

கம்பிக்கு முன்னால் நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். அப்படியும் ஒரு விரல் இடித்தது. மகள் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காவலாளி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார், பின் கதவைத் திறந்து மெஷினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கொஞ்சம் அமுங்கியது. சாமான் பைகளோடு வந்த ஒரு மலாய்க்காரரையும் அவர் மனைவியையும் அழைத்தார். விஷயம் கேட்டு அவர்களும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

"மெதுவா, மெதுவாப்பா" என்று மகள் பின்னோக்கி நடந்தாள். கம்பி கூரையில் லேசாக உரசி ஆடியது. உள்ளே போய்விட்டோம்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. திரை இருக்கும் பக்கம், மேசை இருக்கும் பக்கம். கல்யாணப் படத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"அம்மா இருக்கறப்பவே இப்படி வந்திருக்கலாமேப்பா."

"அப்ப அவ வந்து சொல்லுவா. இப்ப யாரு சொல்லுவா?" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்துச் சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப் போனாள். கீழே சாலை தெரிந்தது, நான் எப்போதும் நிறுத்தும் மரம் தெரிந்தது.

"அம்மா இங்கனதான் நிப்பாங்க. உக்காருங்கன்னாலும் கேக்க மாட்டாங்க. சாப்பாடுகூட நின்னுக்கிட்டேதான்."

அந்த ஜன்னலைப் பற்றி மட்டும் என் மனைவி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் மேலே பார்த்து எத்தனையோ முறை மாடிகளை எண்ணியிருக்கிறேன், பத்துக்கு மேல் எண்ணிக்கை தவறிவிடும். அவள் ஒருமுறை கையசைத்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் அந்த மேசையில் நானும் மகளும் சாப்பிட்டோம். கேரியரைக் கழற்றுவதும் காற்றை இறக்குவதும் ஒரு காலை வேலை. மூன்று வருடத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அதே காவலாளி ஆள் சேர்த்து ஏற்றி வெளியே விட்டார். மகளும் நானும் மாறி மாறிப் பம்பை மிதித்து டயர்களை நிரப்பினோம். தாப்பாவில் வளைவுகள் தொடங்கின. வண்டிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். ரிங்லெட் தாண்டியதும் பனி இறங்கியது, விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினேன்.

தோட்டத்து லய வீட்டுக்கு வந்ததும் பிட்டர் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

"அப்பறம் கோசு எப்படி ஏத்துவ?"

"உள்ளாற கொள்ளறது போதும் லா. அடுத்த மாசம் மறுபடி மககிட்ட போகணும்."

அவன் கேரியரை என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.