மிதிக்காத பூக்குழி

மாரியம்மன் கோவில் வளைவு வந்ததும் அழகம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். கோவிலைத் தாண்டி அடுத்த வளைவு வரும்வரை வெறுங்கால்தான். மழையோ பனியோ, தேயிலைத் தோட்டத்தில் ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது என்பதோ, எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை.

“ஆத்தா ஒன் செருப்பையா பாத்துக்கிட்டு இருக்கா?” என்று கங்காணி கணேசமூர்த்தி கேலி செய்வார்.

“அவ பாக்குறாளோ இல்லையோ, எனக்குக் கூசுதுங்க.”

மகள் கிருஷாந்தி சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்தாள். அப்பா குடித்து ஈரல் கெட்டுச் செத்தபோதும், லயத்து வரிசையில் அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் பறந்தபோதும் அம்மா அந்தக் கோவிலில் போய்த்தான் நின்றாள். நின்றதால் எதுவும் மாறியதாகக் கிருஷாந்திக்கு நினைவில்லை. மகள் பல்கலைக்கழகம் போனால் தீக்குழியில் இறங்கிப் பூ மிதிப்பதாக அழகம்மா நேர்ந்துகொண்டாள். கிருஷாந்தி போனாள். கண்விழித்துப் படித்தது அவள், பேர் ஆத்தாவுக்கு. அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நேர்த்தியைத் தீர்க்கத் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிய மறுநாள் காலை, அதே வளைவில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து உருண்டு வந்து கிடந்த கூரான மிலாறுக் குச்சி ஒன்று அழகம்மாவின் வெறுங்காலில் ஏறியது. ஏற்கெனவே சீனி வருத்தக்காரி; நீரிழிவில் புண் ஆறாது. இரண்டொரு நாளில் கால் வீங்கிக் கறுத்தது. செய்தி கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓடிவந்த கிருஷாந்தி, லயத்து வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“கையில காப்பு இருக்கு புள்ள. பூ மிதிக்காம தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது.”

“கால் அழுகுதும்மா!”

“அவளுக்கு நேந்த காலு. அவ பாத்துக்குவா.” புண்ணின் மேல் இன்னும் கொஞ்சம் திருநீற்றை அப்பினாள்.

காய்ச்சலில் அவளுக்கு நினைவு தப்பிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். விழித்ததும் போர்வையைத் தடவிப் பார்த்தவள், காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“காப்ப யாரு அறுத்தா?” என்றுதான் கேட்டாள்.

அதன்பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. இருந்த மாதங்களில், “எனக்குப் பதிலா நீ மிதிச்சிரு புள்ள” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நம்பாத கால் மிதித்தால் அது அம்மாவின் கணக்கில் சேருமா, சேராதென்றால் மிதித்து அம்மாவை ஏமாற்றுவதா என்று கிருஷாந்தி யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள்.

அடுத்த திருவிழாவில் கிருஷாந்தி கூட்டத்துக்கு வெளியே நின்று பூக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மீனம்மா நெருங்கி வந்தாள்.

“ஒங்கம்மா ஆத்தாளுக்குக் கடன் வச்சிட்டுப் போயிட்டா. நீ படிச்சவ, ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?”

“ஒரு காலையே குடுத்துட்டாங்களே அத்த. பத்தாதா?”

“அது நேந்தது இல்லையே” என்றாள் மீனம்மா, சாதாரணமாக.

கடைசி ஆளும் மிதித்து முடித்ததும் நெருப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். புகை அடங்கும்வரை நின்ற கிருஷாந்தி, கழற்றாத செருப்போடு கோவில் வளைவைக் கடந்து லயத்துக்கு நடந்தாள்.