பொட்டலில் சித்தி கல்யாணம்

மண்டபத்தில்தான் கல்யாணம் என்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சித்தி சொன்ன அன்று எங்கள் வீட்டில் மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குழம்பு. பெரியவர்கள் சண்டை போட்டால் பிள்ளைகளுக்கு ஈரல் துண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்பது நாலாம் வகுப்புக்குள் நான் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று.

சித்தி என் அம்மாவின் தங்கை. அப்பா அம்மா இல்லாத பெண் என்பதால் எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை பார்த்தார். அவருடைய அம்மா சொந்தக்காரர் மண்டபம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டார். நல்ல மண்டபம், ஏசி உண்டு. அதைக் கேட்டு ஊரே சந்தோஷப்பட, சித்தி மட்டும் தலையை ஆட்டி ஆட்டி மாட்டேன் என்றாள். என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நூறு பேர் அவர் சொன்னால் உட்காருவார்கள், சொன்னால் எழுந்திருப்பார்கள். தங்கச்சி மட்டும் எதற்கும் அசைய மாட்டாள்.

சித்தியும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்திருக்கிறாள். இந்தச் சண்டைக்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. சித்தி ஒரு கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள். அவளோடு ஒரே வேனில் போய்வந்த தோழி வரவில்லை. சித்தியின் இடது முன்கையில் ஒரு தழும்பு, அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதன் பிறகு அவள் கம்பெனிக்குப் போகவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டினாள். சாப்பாடு வாசலில், படுக்கை வாசலில். மழை வந்தால் மட்டும் நிலைப்படி வரைக்கும் வருவாள். ஏன் சித்தி என்று கேட்டால், வெளியேதான் காற்று நல்லா வருது என்பாள். நான் நம்பினேன். காற்று நல்லாத்தான் வந்தது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் தழும்பைப் பற்றிச் சொல்லியாயிற்று. மற்றதைச் சொல்லவில்லை. பயந்த பிள்ளை என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஆக, மண்டபம் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை என் அப்பாவின் அச்சகம் கொடுத்தது. அடுத்த வருஷக் காலண்டருக்கு அடித்த சாம்பிள் தாள் ஒன்றை அப்பா கொண்டுவந்திருந்தார். மணல்மேடு, ஒட்டகம், கலர் கலராகத் துணிக் கூடாரங்கள், நடுவில் சிவப்பு முக்காடு போட்ட கல்யாணப் பெண். சித்தி அதை வேப்பமரத்தில் ஒட்டி வைத்தாள். “எனக்கு இந்த மாதிரி வேணும்.” மாமா தாளைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். “ஒட்டகத்துக்கு எங்கத்தா போக? ஆடு தாரேன், அதுல ஏறி வாரியா?” சித்தி சிரித்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் சித்தி பக்கம். பிள்ளை காலண்டரைப் பார்த்து ஆசைப்படுகிறாள் என்று அம்மா சம்பந்தி வீட்டில் சொன்ன பொய்யை இந்த உலகத்தில் முழுசாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

பாலைவனத்துக்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விஸ்வநத்தம் தாண்டி எங்கள் ஊருக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் ஒரு பொட்டல் இருந்தது. சீமைக்கருவேலம்கூட அங்கே யோசித்துத்தான் முளைக்கும். வைகாசி வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடு மேய்ப்பவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா இடத்தைக் கேள்விப்பட்டதும், இது கல்யாணமா கருமாதியா என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

மறுநாள் மாப்பிள்ளையே பைக்கில் வந்தார். மாமா அவரைப் பொட்டலுக்கு அழைத்துப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தார். மாமா வேர்த்து நனைந்துபோய் நின்றார். திரும்பி வந்த மாப்பிள்ளை சொன்னது ஒன்றுதான். “வெயில் கடுமையா இருக்கு மச்சான். மோரு கூடுதலா வச்சிருங்க.” மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

அன்றிலிருந்து சித்தியைப் பிடிக்க முடியவில்லை. இருபது நாளில் பொட்டலை அந்தக் காலண்டர் படமாக்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். பந்தலுக்குக் கீற்று கூடாது, தீப்பிடிக்கும். தகரம் கூடாது, சுடும். என்ன செய்யலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கம்பெனிப் பெண்கள் வேனை நிறுத்தி இறங்கிவந்து ஆளுக்கொரு சேலையை நீட்டினார்கள். கம்பெனிக்குப் பருத்திச் சேலை கட்டித்தான் போக வேண்டும். நைலான் உரசினால் பொறி தட்டும். அதனால் எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் பருத்திச் சேலைதான். மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, ராமர் நீலம் என்று அறுபது சேலைகள் சேர்ந்தன. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சித்தி அவற்றை ஓரத்தோடு ஓரம் தைத்தாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருப் பிள்ளைகள் யாரோடும் சரியாகப் பேசாமல் இரண்டு வாரம் திரிந்தேன்.

பந்தல் போடுகிற விதத்தையும் அவளே சொன்னாள். நாலு பக்கமும் திறப்பு. நாற்காலி வரிசைக்கு நடுவில் அகலமாக நாலு வழி. அடுப்பு நூறு அடி தள்ளி, காற்று போகிற பக்கம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு தண்ணீர் டிரம், இரண்டு வாளி மணல். மாமாவுக்கு இது எதுவும் விசித்திரமாகப் படவில்லை. அவர் தினமும் பார்க்கிற ஏற்பாடுதான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார்தான் மணல் வாளியைச் சுற்றி நின்று, இது என்ன சடங்கு என்று கேட்டார்கள். எங்கள் பக்கச் சடங்கு என்று என் அப்பா கூசாமல் சொன்னார்.

ஒன்றில்தான் எனக்கும் சித்திக்கும் முட்டிக்கொண்டது. வெடி கிடையாது என்றுவிட்டாள். ஒற்றைச் சரம்கூடக் கூடாதாம். உலகத்துக்கெல்லாம் வெடி அனுப்புகிற ஊரில் வெடி இல்லாத கல்யாணம்! நான் புழுதியில் விழுந்து அழுதேன். சித்தி என்னைத் தூக்கி உட்காரவைத்து, வெடியைத் தவிர வேறு என்ன கேட்டாலும் தருகிறேன் என்றாள். நான் பலூன் கேட்டேன். டவுனில் பிறந்தநாள் வீட்டில் பார்த்திருந்தேன், வாசலில் வளைவாகக் கட்டியிருப்பார்கள். “அம்புட்டுத்தானே?” என்றாள். மாமா சிவகாசிக்குப் போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். எந்த வெடிமருந்து எந்தச் சூட்டில் பொங்கும், எந்த மேகத்துக்குக் காய வைத்ததை வாரிக்கொண்டு ஓட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள். வைகாசி வெயிலில் பலூன் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பலூனில் மருந்து இல்லையே!

கல்யாணத்தன்று காலையில் பந்தலைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவே கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து நின்றார். வெறும் பொட்டல் நடுவே அறுபது சேலையும் காற்றில் மேலும் கீழும் அலைந்தன. வெயில் அவற்றின் வழியாக இறங்கி ஒவ்வொருத்தர் முகத்திலும் ஒரு நிறத்தைப் பூசியது. அப்பாவின் அச்சகத்திலிருந்து வந்த கலர்க் காகிதத் துண்டுகள் கயிறு கயிறாகத் தொங்கின. மணவறைக்கு எதிரே என் பலூன் வளைவு. நான் அதற்குக் கீழே காவலுக்கு நின்றேன். யாராவது பையன் தொட்டால் கிள்ளிவிடுவது என்று நகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

முகூர்த்தம் பத்தரைக்குள். தாலி இருந்த தாம்பாளம் பெரியவர்கள் கையில் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போது முதல் பலூன் வெடித்தது.

எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டாவது வெடித்தது. அடுத்து சரம் பிடித்தது போல் படபடவென்று ஐந்தாறு. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை, ஒரு நாற்காலி கவிழவில்லை. இருநூறு பேர் நாலு பக்கமும் பிரிந்து பொட்டலில் ஓடினார்கள். நாதஸ்வரக்காரரை இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். அதற்குள் என் இடுப்பில் ஒரு கை விழுந்தது. கழுத்தில் மாலையோடு சித்தி என்னை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை, கொழுத்த பிள்ளையை, அவள் எப்படித் தூக்கினாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

பந்தலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கையில் கலர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். வெடித்தது பலூன் என்று அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் தலையைச் சொறிந்துகொண்டு ஒவ்வொருத்தராகத் திரும்பிவந்தார்கள். “என்ன தம்பி இது?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, “பழக்கதோசம் மதினி” என்று மாமா அசடு வழிந்தார். நூறு பேர் மேய்க்கிற மனுஷன் அவ்வளவு அசடு வழிந்து நான் பார்த்ததில்லை.

சித்தி மட்டும் திரும்பவில்லை. பந்தலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றாள். அம்மா வா வா என்று கை காட்டினாள். சித்தி என்னை இறக்காமலே நடந்து பந்தலின் ஓரம் வரை வந்தாள். சேலையின் நிழல் விழுகிற கோட்டில் நின்றுவிட்டாள். கால் எடுத்து வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. என்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே மாமா மிச்சப் பலூன்களை அவசர அவசரமாக அறுக்க, அதில் ஒன்று மறுபடி வெடித்தது. சித்தி இருபதடி பின்னால் போய்விட்டாள். “பொண்ணுக்கு என்ன செய்யுது?” என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். “வெயிலு... லேசா மயக்கம்” என்றாள் அம்மா. மயங்குகிறவள் பின்னால் ஓடுவாளா? பந்தலில் சிரிப்பு நின்றுபோயிற்று. முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம்தான் இருக்கிறது என்று அப்பா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை மணவறையிலிருந்து எழுந்தார். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். செருப்பில்லாமல் அந்தத் தரையில் நடந்து வந்தார். எங்களுக்கு நாலடி முன்னாலேயே நின்றுகொண்டார். “இங்கன நிக்கலாமா? இல்ல, இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போவமா?”

சித்தி பந்தலைப் பார்த்தாள். “தள்ளி” என்றாள். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

“சரி” என்றார் மாப்பிள்ளை. மூன்று பேருமாக நடந்தோம். இது போதுமா என்று அவர் ஒரு தடவை கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் கொஞ்சம் போனோம். நிழல் என்று ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லாத இடத்தில் அவள் நின்றாள். கம்பெனிப் பெண்கள் வந்து, நடுவில் போக வர வழி விட்டு, சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா குடையும் கையுமாக வேகவேகமாக வந்தார். “பந்தலப் போட்டுட்டு வெயில்ல தாலி கட்டுறவன எங்கயாவது பாத்திருக்கீகளா?” என்று எல்லோரையும் பொதுவாகத் திட்டிவிட்டு, தன் செருப்பைக் கழற்றி மருமகள் காலருகே தள்ளினார். தாலி ஏறியபோதும் நான் இடுப்பில்தான் இருந்தேன். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் மூக்கு ஒழுக ஒரு முகம் இருக்கிறதே, அது நான்தான்.

நல்ல நேரம் தப்பிவிடும் என்று மாப்பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டார் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவசரக்கார சித்தப்பா என்று ரொம்ப வருஷம் கேலி செய்தேன். அவரும் அன்றைக்கு நல்ல பசி என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் மூன்று வருஷம் மூடி மூடி வைத்ததை, சித்தி அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மனுஷனிடம் வாய்விட்டுச் சொன்னாள் என்பதும் தெரியவில்லை. அதை நான் ஒரு முழம் தூரத்தில் இருந்து கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் தோளில் முகத்தை வைத்து, வெடித்துப்போன பலூன்களுக்காக அழுதுகொண்டிருந்தேன்.