சாதாரணக் காசு என்று ஒரு கடிதம்

அன்று அந்தக் கடைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர்: அப்பா, அத்தை, நான், கடை முதலாளி, மாஸ்டர், உள்ளறையில் முதலாளியின் மனைவி. உள்ளே இருந்தவரை நான் பார்க்கவில்லை. திரைக்கு அப்பாலிருந்து, பால் சேர்க்காத பிளேன்டித் தட்டை நீட்டிய கை மட்டும் தெரிந்தது. ஆனாலும் அவரையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். நான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். யார் யாருக்குத் தெரியும் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன். ஆறு பேர்தான்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். முன்னுக்குப் பின் எழுதிக் குழப்பிவிடுவேனோ என்ற பயத்தில், அப்போது எனக்குத் தெரியாததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பங்களாவின் கண்ணாடி அலுமாரியில் துரை பத்திரமாக வைத்திருந்த காசு ஒன்று காணாமல் போனது. புழக்கத்துக்கு விட்ட காசு அல்ல. பார்வைக்கென்றே தனியாக அடித்தது என்று சொன்னார்களாம். தாத்தாமேல் சந்தேகம் என்று அந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். துரை பிறகு சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். தாத்தாவிடமோ ராஜா தலை போட்ட ஐம்பது சதம் ஒன்று கடைசிவரை செலவாகாமல் இருந்தது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, துரை கடுதாசியில் சுற்றித் தன் கையில் கொடுத்தது என்று சாகும்வரை சொன்னார்.

அவருடைய கருமாதிச் சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒருவர், பங்களாக் காசை மகனுக்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிடித்த சம்பளத்தைக் கேட்டுத் தோட்ட ஆபீசுக்கு எழுதப் போகிறேன் என்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவரிடம் போய் நின்றார். பணம் பெரிதில்லை, கொடுத்தால் தாத்தா எடுக்கவில்லை என்று ஆகிவிடும். தலைவர் யோசித்துவிட்டு, அலுமாரிக் காசு வேறு, உங்கள் காசு வேறு என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் சேர்த்து அனுப்பலாம் என்றார்.

அப்படித்தான் பௌர்ணமி லீவான ஒரு போயா நாளில் பதுளைக்குப் போனோம். அப்பா என்னை மட்டும்தான் கூட்டிப் போவதாக இருந்தது. அத்தை பஸ்சுக்கு முன்னாலேயே ரோட்டில் வந்து நின்றார். டவுனில் நூல் வாங்க வேண்டுமாம். போயாவில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று அப்பா கேட்கவில்லை.

முதலாளியின் கடை ஆணியும் கம்பியும் விற்கிற கடை. லீவு நாளில் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பழைய காசுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். மாஸ்டர், தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர், பண்டாரவளையிலிருந்து அதற்காகவே வருவார். குனிந்து உள்ளே போகும்போதே அந்தக் கதவு விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். உட்கார்ந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். இது சாதாரணக் காசுதான் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரும் தேய்ந்த செப்பைக் கொண்டுவந்து அபூர்வம் என்று எழுதக் கேட்பார்களாம். இப்படி ஒருவரை இன்றுதான் காண்கிறாராம்.

பிறகு லென்சை வைத்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. பத்திரிகைத் துண்டொன்றைக் காசுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ராஜா தலைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் பத்திரிகை எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தகரம் வெட்டின மாதிரிக் கூராக இருந்தது. இது புரூஃப், அதாவது பளபளப்பாக்கிய அச்சில், ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு தரம் அடிப்பது என்றார்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. எந்த அச்சும் புதிதாக இருக்கும்போது அதில் முதலில் விழுகிற காசுகள் கண்ணாடி மாதிரித்தான் விழும், சம்பளப் பையில் போகிற காசும் அப்படித்தான் என்றார். மேசை லாச்சியிலிருந்து அதே வருடத்து ஐம்பது சதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"மாஸ்டருக்கு மின்னுறதெல்லாம் புரூஃப்தான். கலியாண வூட்டுல எவர்சில்வர் தட்டக் கண்டாலும் லென்ச எடுப்பாரு."

"ஆணி நிறுத்து நிறுத்து ஒங்க கண்ணு போச்சு நானா," என்றார் மாஸ்டர். முதலாளியை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

இந்தச் சண்டை அவர்களுக்குள் பல வருடமாக நடக்கிறது என்பது எனக்கே புரிந்தது. முதலாளி ராஜாவின் கன்னத்தில் இருந்த இரண்டு கீறலைக் காட்டினார். பையில் கிடந்து பட்ட அடி, புரூஃபை எவன் பையில் போடுவான் என்று கேட்டார். மாஸ்டர் அதற்கு மெதுவாகப் பதில் சொன்னார்.

"எங்க கெடந்துச்சுங்கறது வேற கேள்வி நானா. எப்படிப் பொறந்துச்சுங்கறதுதான் கணக்கு. தெருவுல கெடந்தாலும் புரூஃப் புரூஃப்தான்."

அப்பா பிளேன்டியைத் தொடவே இல்லை. முதலாளி பேசும்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் பேசும்போது தரையைப் பார்த்தார். எனக்கு எதிர்ப்பக்கம் ஆசை. ஏனென்றால் மாஸ்டர் போகிற போக்கில், இது புரூஃப் என்று ஆனால் கொழும்பில் விற்கிற காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த மாட்டை நான் அதற்குள் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். மழை பெய்தால் எங்கே ஒதுக்குவது என்று கவலையும் படத் தொடங்கிவிட்டேன்.

பேசிப் பேசி ஒரு முடிவும் வரவில்லை. கடைசியில் மாஸ்டரே இறங்கி வந்தார். இந்த மாதிரிக் காசை அந்தக் காலத்தில் குழி வைத்த பெட்டியில் வைத்துத்தான் கொடுப்பார்கள், பெட்டி இருந்ததா என்று அப்பாவைக் கேட்டார். இல்லை, கடுதாசியில் சுற்றிக் கையில் கொடுத்தது என்று அப்பா சொன்னார். தாத்தா சொன்ன அதே சொற்கள்.

"அப்ப முடிஞ்சுது," என்றார் முதலாளி. கடையின் பெயர் அச்சடித்த தாளை இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார். மாஸ்டர் எதிர்க்கவில்லை. அப்பாவின் தோள் இறங்கியது. கருமாதிக்குப் பிறகு அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. முதலாளி தேதியைப் போட்டார்.

என் மாடு போகிறதே என்றுதான் எனக்கு.

"பெட்டி இருக்கு," என்றேன். "அத்தையோட ஊக்குப் பெட்டி. உள்ள நீல வெல்வெட்டு. வட்டமாக் குழி இருக்கு. காச வச்சுப் பாத்தேன், சரியா உக்காந்துச்சு."

அத்தையின் விரல் என் தொடையைக் கிள்ளியபோது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

திரைக்கு உள்ளே கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. மாஸ்டர் ஜெயித்துவிட்டார், ஆனால் ஜெயித்தவர் மாதிரித் தெரியவில்லை. லென்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளிக்கு எங்கள் கதை முழுவதும் தெரியாது. ஆனால் கடை நடத்துகிறவர், முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்கிறவர்.

"பெட்டிய நான் காணல்ல," என்றார். "மகள் சொன்னதும் எனக்குக் கேக்கல்ல. காசப் பாத்தா எனக்கு இப்பயும் சாதாரணந்தான். எழுதித் தாறேன்."

அப்பா எழுந்தார். காசைக் கைக்குட்டையில் முடிந்தார்.

"வேணாங்க முதலாளி. எழுத வேணாம்."

மாஸ்டர் கதவுவரை வந்து, விற்கிற எண்ணம் இருந்தால் தானே எடுத்துக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா கும்பிட்டுவிட்டுக் குனிந்து வெளியே போனார்.

பஸ்சில் அத்தையும் நானும் ஒரு சீட்டில், அப்பா முன்சீட்டில். பதுளை டவுன் முடிந்து ஏற்றம் தொடங்கிய பிறகுதான் அத்தையிடம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அம்மா சாகறப்போ குடுத்துச்சு அண்ணே. ஊக்குப் போட்டு வச்சுக்கன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துத்தான் இறக்கிவிட்டார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினதுதான் என் குற்றம் என்று நினைத்தேன். அதனால் பல மாதம் யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கப் பயந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்ட கேள்விக்குக்கூட. கடிதம் எழுதித் தர ஆளும் மாட்டுக்கு வழியும் இருந்தபோது ஒரு மனுசன் ஏன் இரண்டையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது எல்லயில் ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்கிறேன். வெள்ளைக்காரர்கள் போகும்போது தலையணையில் காசு வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கென்று வைத்ததா, மறந்துவிட்டுப் போனதா என்று யாரால் சொல்ல முடியும்? நான் தொடமாட்டேன். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டி, புத்தகத்தில் எழுதவைத்த பிறகுதான் எடுப்பேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுதின பிறகும் இரண்டு நாள் தூக்கம் வராது.

துரை பெட்டியோடுதான் கொடுத்து, தாத்தா அதைச் சொல்லப் பயந்து மறைத்தாரோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். பெட்டியோடு வைத்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? இல்லை, எடுத்தேவிட்டாரோ. இரண்டுக்கும் அந்தப் பெட்டி ஒரே மாதிரித்தான் பொருந்துகிறது. அப்பா ஆபீசுக்கு எழுதவே இல்லை. தாத்தா எடுத்திருந்தால் பிடித்த சம்பளம் எங்களுக்குத் தர வேண்டிய கடனே இல்லை. எடுக்காமல் இருந்தால், அந்த மாதச் சம்பளம் இன்றைக்கும் எங்களுக்கு வர வேண்டிய பாக்கிதான்: எழுபத்தெட்டு ரூபா இருபத்தைந்து சதம்.